மண்டையிடி என்றால் தலைவலி

நான் வேலை பார்த்த கம்பெனியின் வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. விபத்து இல்லாமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்பதைத் தினமும் காலையில் செக்யூரிட்டி மாற்றி மாட்டுவார். என் தலைவலியால் அந்தப் பலகை ஒருமுறை பூஜ்யத்துக்குப் போனது. தலைவலி எப்படி விபத்தாகும் என்று கேட்பீர்கள். என்னிடமும் பலர் கேட்டார்கள், ஆனால் பதிலைக் கேட்க யாரும் நிற்கவில்லை. அதனால் இங்கே முதலிலிருந்து சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பும் கம்பெனி எங்களுடையது. திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு டிரெய்னியாக வந்திருந்தேன். சாய்வான போர்டு ஒன்று மெதுவாக நகர்ந்து வரும். அதில் வயர்கள் கிளை பிரிந்து தொங்கும். ஒவ்வொரு வயரின் நுனியையும் அதற்கென்று இருக்கிற கனெக்டரில் அதற்கென்று இருக்கிற துளையில் சொருக வேண்டும். சரியாக உட்கார்ந்தால் 'கிளிக்' என்று கேட்கும். பிறகு லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கேள், இழு. வேலையில் சேர்ந்த அன்று சொல்லிக் கொடுத்த மந்திரம் இதுதான்.

பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட வயர் எந்தத் துளைக்கு, கருப்பில் மஞ்சள் கோடு எந்தத் துளைக்கு என்று எதிரே ஒரு சார்ட் தொங்கும். கூடச் சேர்ந்தவர்கள் ரொம்ப நாள் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சொருகினார்கள். எனக்கு வந்த வாரமே மனப்பாடம் ஆகிவிட்டது. சூப்பர்வைசர் சார்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற பெண்களை அழைத்து வந்து என்னை வேடிக்கை காட்டியிருக்கிறார். இதைத் தற்பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெருமைக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அம்மாவுக்கு ஞாபகம் என்கிற சமாச்சாரமே கிடையாது என்று வீட்டில் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். அடுப்பில் பால் வைத்ததை மறப்பாள். குழம்புக்கு உப்பு போட்டதை மறந்து இன்னொரு முறை போடுவாள். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அண்ணன் பெயரையும் சித்தி பெயரையும் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் என் பெயருக்கு வந்து சேருவாள். மாதத்தில் சில நாட்கள் பழைய சேலைத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி இருட்டில் படுத்திருப்பாள். அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நாங்கள் பக்கத்தில் போக மாட்டோம். அம்மாவிடம் ஒரு காரியத்தைச் சொல்லியிருக்கிறோம் என்றால், "அவகிட்டயா சொன்ன? வெளங்கும்" என்பார் அப்பா.

நான் அம்மாவை உரித்து வைத்த மாதிரி இருக்கிறேன் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். முகத்தோடு நிற்கட்டும் என்று நான் சாமி கும்பிட்டிருக்கிறேன். படிக்கிற காலத்தில் எதையாவது மறந்துவிட்டால் நோட்டில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பேன். ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, சார்ட் இல்லாமல் வயரைச் சொருகியபோதுதான் நான் அம்மா இல்லை என்று எனக்கு உறுதியானது. டிரெய்னி காலம் முடியும்போது ஒரு பரீட்சை வைப்பார்கள். அதில் தேறினால் பர்மனென்ட். தேறாவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் எனக்கு ஒரு மாப்பிள்ளையை முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். எனக்கு அவர் மேல் எந்த வருத்தமும் இல்லை, அவரை நான் பார்த்ததே இல்லை.

அது கோடைக்காலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லைன் ஓடத் தொடங்கியிருந்தது. என் கண்ணுக்கு வலது பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்சம் நெளிந்தது. வெல்டிங் வைப்பதைத் தெரியாமல் பார்த்துவிட்டால் கொஞ்ச நேரம் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. கண்ணை மூடினாலும் போகவில்லை. பிறகு அது ரம்பப் பல் மாதிரி வளைந்து விரிந்தது. கனெக்டரின் வலது பாதியைக் காணவில்லை. தடவிப் பார்த்தால் இருந்தது, பார்த்தால் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த பாதியில் மட்டும் வயரைச் சொருகிக்கொண்டு நின்றேன். யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. லைன் நின்றால் பக்கத்தில் நிற்கிற பெண்கள் முறைப்பார்கள் என்பதுதான் தோன்றியது. அதற்குள் இடது நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பித்துவிட்டது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவர் வல்லக்கோட்டைப் பக்கத்துக்காரர். எங்கள் கேன்டீன் இருக்கிற இடத்தில் முன்பு அவர்கள் குடும்பம் நெல் போட்டுக்கொண்டிருந்ததாம். அதனால் கேன்டீன் சாப்பாட்டை யாராவது குறை சொன்னால் தன் சொந்த வீட்டுச் சாப்பாட்டைச் சொன்ன மாதிரி கோபப்படுவார். மற்றபடி நல்லவர்.

"இன்னாமா ஆச்சி? ஏன் இப்டி நிக்கற?"

"மண்டையிடி சார்" என்றேன்.

எங்கள் ஊரில் மண்டையிடி என்றால் தலைவலி. அதற்கு வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அவர் ஊரில் அதைத் தலைநோவு என்பார்கள். மண்டையிடி என்று ஒரு வியாதி இருப்பது அவருக்கு அன்றுவரை தெரியாது.

"மண்டைல இடிச்சிக்கினியா? எங்கமா இடிச்சிக்கின?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. இல்லை என்பது என்ன சொல் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நாக்கு ஏதோ உளறியது. பேச வராததால் வலிக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. "டிரெய்னி பொண்ணு ஒண்ணு மண்டைல இடிச்சிக்கிச்சி, பேச்சே வரமாட்டேங்குது" என்று போனில் அவர் கத்துவது மட்டும் தெளிவாகக் கேட்டது. லைன் நின்றது. பச்சை ஹெல்மெட் போட்ட சேஃப்டி ஆபீசர் ஸ்ட்ரெச்சரோடு வந்து சேர்ந்தார். அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து அந்த ஸ்ட்ரெச்சருக்கு வேலையே வந்ததில்லை என்பதால் அதை விரிப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சென்னைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "மூளையில ஒண்ணும் இல்லம்மா" என்றார். ஹாஸ்டலில் என் ரூமில் இருந்த விருதுநகர்க்காரியிடம் இதை அப்படியே சொன்னேன். "அது எங்களுக்கு முன்னாடியே தெரியும்டி. இதுக்குப் போயி கரண்டு செலவு பண்ணிருக்காங்க" என்றாள்.

இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு வேலைக்குப் போனேன். வாசல் பலகையில் பூஜ்யத்தைத் தாண்டி இப்போதுதான் எண்ண ஆரம்பித்திருந்தார்கள். விபத்தில்லாமல் ஒரு பெரிய எண்ணிக்கையை எட்டினால் எல்லோருக்கும் சிக்கன் பிரியாணியும் ஸ்டீல் டிபன் கேரியரும் தருவதாக மேனேஜ்மென்ட் அறிவித்திருந்தது. கிட்டத்தட்ட எட்டிவிட்டிருந்தோம். கேன்டீனில் நான் தட்டோடு போய் நின்றால் பேச்சு நின்றுபோகும். "பிரியாணியக் கவுத்தது இந்தப் பொண்ணுதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். யாரும் என்னைத் திட்டவில்லை. தலை எப்படி இருக்கிறது என்று மரியாதையாக விசாரித்துவிட்டுத் தங்கள் தட்டிலிருக்கும் தயிர்சாதத்தைப் பார்ப்பார்கள்.

லைனில் என் இடத்துக்கு இடது பக்கம் ஒரு இரும்பு ராக் இருந்தது. என் நெற்றிப்பொட்டு உயரத்தில் அங்கே வேறு பொருள் எதுவும் இல்லாததால், அதுதான் இடித்தது என்று தீர்மானித்திருந்தார்கள். ராக்கின் விளிம்பு முழுக்கப் பஞ்சு வைத்து, மேலே மஞ்சளும் கருப்புமாக டேப் சுற்றியிருந்தார்கள். எல்லா டிரெய்னிகளையும் வரிசையாக அழைத்து வந்து, அந்த ராக்கின் பக்கத்தில் எப்படிக் குனிந்து நடக்க வேண்டும் என்று ஒரு வகுப்பு எடுத்திருந்தார்கள். அதன் போட்டோவும் நோட்டீஸ் போர்டில் இருந்தது.

நான் சூப்பர்வைசரிடம் போனேன். "சார், மண்டையிடின்னா எங்க ஊர்ல தலைவலி. நான் எங்கயும் இடிச்சுக்கிடல" என்றேன்.

"தலநோவா?"

"ஆமா சார்."

"அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"அன்னைக்குப் பேச்சு வரல சார்."

அவர் ராக்கைப் பார்த்தார், பிறகு டேப்பைப் பார்த்தார். "பஞ்சிலாம் கட்டியாச்சிமா. மேல வரிக்கும் ரிப்போர்ட்டு பூட்ச்சி. இப்ப போயி தலநோவுன்னா என்னியத்தான் கேப்பாங்க. இடிச்சிகினதாவே இருக்கட்டும், வுடு."

இப்படியாக, நான் இடித்துக்கொண்டது அதிகாரபூர்வமானது. முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. தலைவலி மறுபடியும் வந்தது. அதற்குப் பிறகும் வந்தது. வந்துபோன மறுநாள் தலைக்குள் ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். சாம்பல் வயரைக் கையில் எடுத்துக்கொண்டு, இது எந்தத் துளைக்கு என்று சார்ட்டைத் தேடுவேன். லைன் முடிவில் ஒரு டெஸ்ட் மெஷின் உண்டு. எல்லா வயரும் சரியாக இருந்தால் பச்சை லைட், தப்பிருந்தால் பஸ்ஸர் அடிக்கும். எனக்கு அதுவரை பஸ்ஸர் அடித்ததில்லை. இப்போது அடித்தது. அந்தச் சத்தம் கேட்டவுடனே அடுத்த போர்டில் என்ன செய்கிறோம் என்பதே மறந்துபோகும். அதற்கும் ஒரு பஸ்ஸர் அடிக்கும்.

ஒருவேளை நான் நிஜமாகவே இடித்துக்கொண்டேனோ என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. இடித்துக்கொண்டதை மறந்துவிட்டேன் என்றால், இடித்துக்கொள்ளவில்லை என்று நான் சொல்வதற்கு என்ன மதிப்பு? ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ராக்கின் பக்கத்தில் நின்று, எங்கே இடித்திருக்கலாம் என்று தலையை வைத்துப் பார்த்தேன். பஞ்சு மெத்தென்று இருந்தது. சேஃப்டி ஆபீசர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, நான் பயன்படுத்திப் பார்ப்பதாக நினைத்துத் தலையாட்டினார்.

இடித்ததாலோ, அம்மாவின் ரத்தத்தாலோ, எப்படியானாலும் என் மூளை போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. எழுந்ததும் வயர் நிறங்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். பல் தேய்க்கும்போது ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை. நடுவில் ஒரு நிறம் விட்டுப்போனால் அந்த நாள் அதோடு போயிற்று. ஹாஸ்டல் பெண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் சொன்னது நினைவிருக்கிறதா என்று உள்ளுக்குள் சோதித்துக்கொண்டிருப்பேன். அந்த வேலையில் அவர்கள் அடுத்துச் சொன்னது காதில் விழாது. பிறகு அது நினைவில்லையே என்று பதறுவேன்.

தலைவலிக்கு எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. தலைக்குக் குளிக்காதே என்றாள் ரூம்காரி. மல்லிகைப்பூ வாசம் ஆகாது என்றார் ஹாஸ்டல் அக்கா. வெயிலில் போகக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது, தயிர் கூடாது, பஸ்ஸில் ஜன்னலோரம் கூடாது. சுக்கை இழைத்துப் பத்துப் போட்டேன், நெற்றித் தோல் உரிந்தது. நீர்க்கோவை மாத்திரையைக் குழைத்துப் பூசினேன். சத்தமாகச் சிரித்தால் நரம்பு புடைக்கும் என்று லைனில் ஒருத்தி சொன்னாள், சிரிப்பதை விட்டேன். இது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. கொஞ்ச நாளில் நான் விட வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. வேலை, ஹாஸ்டல், கட்டில். தலைவலி மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கக் கிளம்புவார்கள். சில நேரம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய்ச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நான் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்திருப்பேன். ஒருநாள் ரூம்காரி உள்ளே வந்து லைட்டைப் போட்டவள், உடனே அணைத்துவிட்டு, "கோவமா இருக்கியாடி?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் நாங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டுக்கொள்கிற கேள்வி அது.

பஸ்ஸர் அதிகமாகவே, சூப்பர்வைசர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்லாத்தான செஞ்சிகினு இருந்த? டெஸ்டு வருது. லீவு போட்டுட்டு நரம்பு டாக்டர ஒருவாட்டி பாத்துட்டு வா" என்றார். ஆஸ்பத்திரியில் காட்டக் கம்பெனி கொடுத்திருந்த கார்டை எடுத்துக்கொண்டு மறுபடி சென்னைக்குப் போனேன். முன்பு ஸ்கேன் பார்த்தவரில்லை, இவர் வேறு. வயதில் சின்னவர். முகத்தைப் பார்த்தால் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவர் போலிருந்தார்.

"என்னம்மா பிரச்சினை?"

"மறதி சார்."

"என்ன மறந்தீங்க, சொல்லுங்க."

நான் சொன்னேன். எந்தக் கிழமை எந்த வயரை மாற்றிச் சொருகினேன், அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள், அவள் என்ன நிறச் சுடிதார் போட்டிருந்தாள் என்று சொன்னேன். ரூம்காரியின் அக்கா குழந்தை பெயர் மறந்தது, அந்தக் குழந்தையின் பெயர், அதற்குக் காது குத்திய ஊர். பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்தது, கண்டக்டர் திட்டிய வார்த்தைகள். பல நாள் தேக்கி வைத்திருந்ததால் நிறுத்த முடியவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"மறந்தது ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கே" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அவர் சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். நடுவில் யாரோ அவருக்குப் போன் செய்து எனக்கும் கேட்கிற குரலில் ஏதேதோ வாங்கி வரச் சொன்னார்கள். அவர் தாளில் குறித்துக்கொண்டு போனை வைத்த பிறகு, "கறிவேப்பிலையும் சொன்னாங்க சார்" என்றேன்.

கண்ணில் தெரிந்த வெளிச்சம், பேச்சு வராமல் போனது எல்லாம் ஒற்றைத் தலைவலியின் வேலை என்றார். மண்டையில் எதுவும் இடிக்காமலே அது வரும். தலைவலி வருகிற அன்றும் மறுநாளும் மூளை கொஞ்சம் மெதுவாக ஓடுவதும் நிஜம்தான், அதை மறுக்கவில்லை என்றார். "மத்த நாளெல்லாம் என்ன நடக்குதுன்னா, உங்க மூளை எப்ப தப்பு வரும்னு காவல் காக்குது. லைன்ல நிக்கிற ஆளையே கேட்லயும் வாட்ச்மேனா நிக்க வச்சா வேலை எப்படி நடக்கும்?" எங்கள் கம்பெனியில் அப்படி ஒருத்தரை நிறுத்தினால் யூனியன் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"படுத்திருப்பேன் சார்."

"தலைவலியா?"

"இல்ல சார். வரக் கூடாதுன்னு."

அவர் என் சீட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நல்லா இருக்கு சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. எனக்கு இருந்தது வருத்தம் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது மறதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பயமும் வருத்தமும் சேர்ந்தால் நல்ல மூளையும் தடுமாறும், தலைவலியும் அதிகமாகும், தலைவலி அதிகமானால் பயம் அதிகமாகும் என்று விரலால் மேஜையில் வட்டமாக வரைந்து காட்டினார்.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்தவர், வரிசையில் கடைசி ஆள்வரை கேட்கிற குரலில், "இது டிப்ரெஷனுக்குக் குடுக்கறதும்மா. ராத்திரி மட்டும் போடு" என்றார். ரூமுக்கு வந்ததும் அவர் சொன்னதை ரூம்காரியிடம் அப்படியே சொன்னேன். அவள் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"பைத்தியத்துக்கா?"

"தலைவலிக்கு."

"டிப்ரெஷனுக்குன்னு சொன்னாங்கன்ன?"

"அதுக்கும்தான்."

அவள் யோசித்தாள். "ஒரே மாத்திரைக்கு ரெண்டும் போகுதுன்னா லாபம்தான்டி, போடு" என்றாள்.

போட்டேன். ஒரேயடியாக எதுவும் மாறவில்லை. கொஞ்ச நாள் பகலில் தூக்கம் தூக்கமாக வந்தது, வாய் உலர்ந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்வையை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டுத் தலைக்குக் குளித்தேன். வெயிலில் நின்று முடியை உலர்த்தினேன். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு எல்லோரோடும் வல்லக்கோட்டைக்குப் போனேன். தலைவலி வரவில்லை. அடுத்த வாரம் தலைக்குக் குளிக்காமல், பூ வைக்காமல் ரூமிலேயே இருந்தேன், வந்தது. அதற்குப் பிறகு தயிரையும் சேர்த்துக்கொண்டேன். காலையில் நிறங்களைச் சொல்லிப் பார்ப்பதை மட்டும் விட முடியவில்லை. பஸ்ஸில் ஒருநாள் சொல்ல மறந்துபோனேன். மறந்துபோனேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது. பஸ்ஸர் குறைந்திருந்தது.

பரீட்சை அன்று காலையில் எழும்போதே இடது பக்கம் இடித்துக்கொண்டிருந்தது. மறைத்துக்கொண்டு போய் எழுதித் தோற்பது என்றுதான் முதலில் நினைத்தேன், எனக்குப் பழகிய வழி அதுதான். பிறகு நேராகச் சூப்பர்வைசரிடம் போனேன். வார்த்தையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

"சார், இன்னைக்குத் தலநோவு. கை கால் எங்கயும் இடிக்கல. வெறும் தலநோவு."

"சரி. நாளிக்கு செஞ்சிக்கலாம். போயி படு" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை மாதமாக நான் பயந்துகொண்டிருந்த உரையாடல் ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஓடவில்லை.

மறுநாள் தலை கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் வலி இல்லை. சார்ட்டைக் கழற்றிவிட்டார்கள். போர்டு நகர்ந்தது. தள்ளினேன், கேட்டேன், இழுத்தேன். சாம்பல் வயரை எடுத்தபோது ஒரு நொடி ஒன்றும் தெரியவில்லை. பதறாமல் அதைக் கீழே விட்டுவிட்டு அடுத்ததைச் சொருகினேன். திரும்பி வந்தபோது அதன் துளை தெரிந்தது. முழுதும் முடிந்து மெஷினில் மாட்டியபோது ஒருமுறை பஸ்ஸர் அடித்தது. ஒரு தப்புக்கு அனுமதி உண்டு.

அடுத்தது வாய்மொழிக் கேள்விகள். சேஃப்டி ஆபீசர் தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்வி, நம் கம்பெனியில் இறுதியாக நடந்த விபத்து எது, அதற்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது. கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தவர் சங்கடப்பட்டார். சூப்பர்வைசர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"டிரெய்னி ஒருத்தங்க இரும்பு ராக்ல தலைய இடிச்சுக்கிட்டாங்க. ராக்குக்குப் பஞ்சு கட்டி, டேப் சுத்தியிருக்கு" என்றேன்.

முழு மார்க் போட்டார்கள். பர்மனென்ட் ஆனேன். ஊரில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

பர்மனென்ட் ஆனவர்களின் அப்பா அம்மாவையும் அதே கார்டில் காட்டலாம். எனக்கு அது தெரிந்த நாளிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. டாக்டர் மேஜையில் விரலால் வரைந்த வட்டத்துக்குள் எனக்கு முன்னாலேயே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. போன் செய்து அம்மாவை வரச் சொன்னேன். எதற்கு என்று அப்பா கேட்டார். ஞாபக மறதிக்கு வைத்தியம் என்றேன். "இனிமேலா?" என்று சிரித்தார், ஆனால் ரயிலேற்றிவிட்டார். செங்கல்பட்டில் இறங்கியவளைச் சிங்கப்பெருமாள் கோவில் வரை லோக்கல் ரயிலில் கூட்டிவந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் கம்பெனி கம்பெனியாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், வெயில் தாங்காமல் முந்தானையை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மறுநாளும் முந்தானையை நெற்றியில் கட்டியிருந்த அம்மாவை டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நான் நின்றேன். தலையில் துணி கட்டுவது, இருட்டில் படுப்பது, உப்பை இரண்டு முறை போடுவது எல்லாவற்றையும் நானே சொன்னேன். அம்மா தன்னைப் பற்றி இல்லாத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அவளைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். டாக்டர் என்னைக் கையமர்த்தினார். நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மனசு எப்படிம்மா இருக்கு?"

அம்மா திரும்பி எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஏட்டி, என்னையா கேக்காவ?"

"ஒன்னையத்தாம்மா" என்றேன்.

அவள் நெற்றியிலிருந்த முந்தானையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் பிறந்த வருடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.